உள்ளே துணி விட்டுத் தையுங்கள்

பெண் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை தைக்கக் கொடுக்கும் தாய்மார்கள், அளவு சொல்லி முடித்த கையோடு, "உள்ளே டக் பிடிச்சுத் தைச்சிருங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கடையை விட்டு இறங்குவார்கள். பாவாடையின் கரைக்குச் சற்று மேலே, துணியை உட்பக்கமாக ஒன்றிரண்டு மடிப்பு மடித்துத் தைத்துவிட்டால், பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். ஒரு தீபாவளிக்கு எடுத்த பாவாடை மூன்று தீபாவளிக்கு வரும். சட்டையின் பக்கத் தையலிலும் இதே கணக்குத்தான். பிரித்த இடத்தில், வெயிலும் சலவையும் காணாத துணி ஒரு கோடாகப் பளிச்சென்று தெரியும் என்பதால், அதன்மேல் லேஸோ மெல்லிய ஜரிகை நாடாவோ வைத்துத் தைத்து மறைப்பதும் உண்டு. பழைய பொருளைப் பழுது பார்ப்பது பற்றியும் மாற்றிப் பயன்படுத்துவது பற்றியும் யார் பேசினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மடிப்புதான். ஒரு பொருளைப் பின்னாளில் சரிசெய்ய முடியுமா என்பது பெரும்பாலும் அதைச் செய்த அன்றே, செய்தவர் உள்ளே எவ்வளவு இடம் விட்டார் என்பதைப் பொறுத்தே முடிவாகிவிடுகிறது.

தையற்காரர் தைத்த கால்சட்டையை உட்புறம் திருப்பிப் பார்த்தால், பின்பக்க நடுத்தையலில் ஓர் அங்குலத்துக்கும் கூடுதலான துணி இருபுறமும் மடிந்து கிடக்கும். இடுப்பு பெருத்தால் அதைப் பிரித்துவிட்டுத் தைக்கலாம். கடையில் வாங்கும் ஆயத்த ஆடையில் அந்த இடத்தைத் தேடினால் ஓவர்லாக் போட்ட ஒரு மெல்லிய விளிம்புதான் அகப்படும், ஏனென்றால் அந்த இயந்திரம் தைத்துக்கொண்டே போகும்போது தையலுக்கு வெளியே நிற்கும் துணியை வெட்டிக்கொண்டும் போகிறது. ஆயிரக்கணக்கில் தைக்கும் தொழிற்சாலைக்கு ஓர் உருப்படியில் ஓர் அங்குலம் மிச்சமானால் அது பெரிய தொகை. அந்த மிச்சம் நம் கைக்கு வரும்போது, ஒரு கிலோ எடை கூடியதும் தூக்கிப்போட வேண்டிய உடுப்பாக வருகிறது.

மதுரைக்காரர்களுக்கு இந்த வகையில் ஒரு வசதி இருந்தது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புது மண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு இடையே வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். துணிக்கடையில் துணியை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போய், கோயிலுக்குள் சென்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் தைத்து வாங்கிக்கொள்ளலாம் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பெருமை. எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் எடுத்துச் சென்றவை பழைய துணிகள்தாம்: இறுக்கிப் பிடிக்கும் ரவிக்கை, இற்றுப்போன தலையணை உறை, அண்ணனுக்குச் சிறிதாகித் தம்பிக்குப் பெரிதாக இருக்கும் கால்சட்டை. மண்டபத்தைக் கோயிலுக்கென ஒழுங்குபடுத்துவதற்காக அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான். இருந்தாலும், கிழிசலைக் கையில் எடுத்துக்கொண்டு கூச்சமில்லாமல் போய் நிற்க ஊர் நடுவில் ஓர் இடம் இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சட்டைக் காலரைத் திருப்பித் தைப்பது இப்போது பலருக்கும் மறந்துபோன ஒரு வேலை. சட்டை முழுவதும் நன்றாக இருக்கையில் காலர் மடங்கும் விளிம்பு மட்டும், கழுத்து வியர்வையாலும் தாடி முளையின் உராய்வாலும் நைந்து, உள்ளே இருக்கும் கேன்வாஸ் எட்டிப் பார்க்கும். காலரும் கழுத்துப்பட்டியும் சேரும் தையலை மட்டும் பிளேடின் நுனியால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்துக் காலரைத் தனியே எடுக்க வேண்டும். பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். அவற்றைத் தேய்த்துவிடாமல் வைத்துக்கொண்டால் திரும்பத் தைக்கும்போது அவையே கோடு. காலரின் நடுவையும் பட்டியின் நடுவையும் ஒரு குண்டூசியால் சேர்த்துக் குத்திக்கொண்டு, நைந்த முகத்தின் உள்ளே துண்டுத் துணி ஒன்று வைத்து நெருக்கமாக ஓட்டியபின், காலரைப் புரட்டிப் பட்டிக்குள் நுழைத்துத் தைத்தால், நைந்த பக்கம் காலரின் மடிப்புக்கு அடியில் மறைந்துவிடும். காலர் முனையில் பொத்தான் போடும் வகைச் சட்டைக்கு இது சரிப்படாது. இரு பக்கமும் வேறு வேறு துணியில் தைத்த சட்டைக்கும் சரிப்படாது. மற்றபடி ஒரு நல்ல பருத்திச் சட்டைக்கு இந்த வேலை இரண்டு ஆண்டு கூடுதல் ஆயுளைத் தரும். இதேபோல, ஜிப் பிடிக்கவில்லை என்று பையையே ஒதுக்கிவிடுபவர்கள், பெரும்பாலும் தேய்ந்திருப்பது பல்வரிசை அன்று, ரன்னர் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். ரன்னரின் இரு பக்கத்தையும் குறட்டால் மெல்ல அழுத்தினால் பல நேரம் அது மறுபடியும் பற்றிக்கொள்ளும். பற்றாவிட்டால் ரன்னரை மட்டும் மாற்றித் தரும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தையலை விட்டு நெசவுக்கு வந்தால், எங்கள் வீட்டில் எதற்கும் மேலான மறுபயன் பெற்றது நூல்சேலைதான். அப்பத்தா கட்டியது பெரும்பாலும் சுங்குடி. சேலை நைவது எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நைவதில்லை: கொசுவத்தின் அடிவிளிம்பு தரையில் உரசி முதலில் நையும், அடுத்து உட்காரும் இடம்; முந்தானையும் இடுப்பில் சொருகும் உள்தலைப்பும் கடைசிவரை திடமாக இருக்கும். ஆகவே நடுவில் கிழிந்த சேலையை அப்பத்தா அங்கேயே வெட்டி, நைந்த பகுதியை எடுத்துவிட்டு, இரு தலைப்புகளையும் சேர்த்து மூட்டி, மூட்டு கொசுவத்துக்குள் மறையும்படி கட்டிக்கொள்வார். அதுவும் தாங்காமல் போகும்போதுதான் சேலை உடுப்பு என்ற நிலையிலிருந்து இறங்கும். நல்ல பாதி தூளிக்குப் போகும். பலமுறை துவைத்துக் கஞ்சியும் முறைப்பும் போன துணிதான் பிள்ளைக்கு உறுத்தாது, காற்றும் புகும். ஆனால் தூளிக்கு எடுக்கும் சேலையை முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து இழுத்துச் சோதிக்காமல் அப்பத்தா கட்டவிட்டதில்லை. பிறந்த பிள்ளையை முதலில் பழந்துணியில்தான் ஏந்த வேண்டும் என்ற வழக்கத்துக்குப் பெரியவர்கள் வேறு காரணங்கள் சொல்லக்கூடும். மென்மை என்ற ஒரு காரணமே எனக்குப் போதும்.

பழைய வேட்டியின் பாதை வேறு. வெள்ளையாகவும் சாயம் போகாததாகவும் இருப்பதால் அது சமையலறைக்குள் நுழையும். இட்லித் தட்டில் ஈரத்தோடு விரிக்கும் துணி, புளியும் கஞ்சியும் வடிக்கும் துணி, விளக்குத் திரி எல்லாம் அதிலிருந்து கிழித்தவையே. சித்திரை வெயிலில் கூழ் வற்றல் போடும்போதுதான் அதன் அருமை முழுவதும் தெரியும். வேட்டியை நனைத்துப் பிழிந்து மொட்டை மாடியில் சுருக்கமில்லாமல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து, கூழைக் கரண்டியால் சிறு சிறு வட்டமாக ஊற்றிக்கொண்டே போக வேண்டும். துணி அடியிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்வதால் வற்றல் மேலும் கீழும் சேர்ந்து காயும். மாலையில் துணியைப் புரட்டி, பின்பக்கத்தில் கைநிறைய நீர் தெளித்துச் சற்றுப் பொறுத்து இழுத்தால், ஒவ்வொன்றும் உடையாமல் கழன்று கையோடு வரும். பிளாஸ்டிக் தாளில் ஊற்றினால் நீர் தெளிக்கும் வேலை மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் அடிப்பக்கம் ஈரம் தங்கி, மறுநாளும் திருப்பித் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

அதற்கும் கீழே இறங்கினால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி, பிறகு கால்மிதி, பிறகு தரை துடைக்கும் துணி. கடைசியில் மிஞ்சும் கந்தலுக்கும் ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஈயம் பூசுகிறவர் தெரு முனையில் குழி தோண்டித் துருத்தி வைத்துக் கரியை மூட்டினால், பித்தளைப் பாத்திரத்தோடு இரண்டு பழந்துணியையும் கொண்டு வரச் சொல்வார். பாத்திரத்தைக் கொதிக்கக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவினால் குப்பென்று வெள்ளைப் புகை எழும். அந்தப் புகையிலேயே உலோகத்தின் மேலிருந்த களிம்பு விட்டுப்போகும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடுவதால், கம்பியைப் பாத்திரத்தில் தொட்டதும் அது பாதரசத்தைப் போல் ஓடும். உடனே துணிச்சுருளால் வளைத்து வளைத்துத் தேய்த்தால் உட்பக்கம் முழுவதும் வெள்ளி நிறமாகிவிடும். புளி சேர்ந்த குழம்பும் ரசமும் பித்தளையைத் தொட்டுக் களிம்பேறாமல் இருக்க அந்த மெல்லிய பூச்சுதான் காவல், அது தேய்ந்தால் மறுபடியும் பூச வேண்டும். எவர்சில்வர் வந்தபின் அந்தத் தேவையே இல்லாமல் போயிற்று. அதைப் பற்றி நான் வருந்தவில்லை. எவர்சில்வர் பாத்திரம் பூச்சில்லாமலே தலைமுறை தாண்டி உழைக்கிறது. பழுதே வராத பொருளைவிடப் பழுது பார்க்கும் பொருள் உயர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

துணியின் வரிசை அறுந்ததற்குத்தான் வருந்துகிறேன். நைலெக்ஸும் பாலியெஸ்டரும் வந்து, துவைப்பதும் உலர்த்துவதும் பெண்களுக்கு எளிதாயின. அது சிறிய நன்மை அன்று. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கட்ட வேண்டிய சேலையிலிருந்து கிடைத்த விடுதலை அது. ஆனால் அந்தச் சேலை பழசானால் போகும் இடமில்லை. நீரை உறிஞ்சாது என்பதால் துடைக்க உதவாது, சூடான வாணலியின் காதைப் பிடித்தால் இளகிக் கையில் ஒட்டும், பிள்ளைத் தூளிக்குப் புழுங்கும். எங்கள் தெருவில் பழந்துணிக்குப் பாத்திரம் கொடுத்தவர்கள் அவற்றைத்தான் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள். சாயம் போகாமல் புதிதுபோலவே இருப்பதால் அவற்றை இன்னொருவர் கட்டிக்கொள்ள முடியும். நானோ அவற்றை நீளநீளமாகக் கிழித்து முறுக்கிப் பின்னிக் குளியலறை வாசலுக்குக் கால்மிதியாகப் போடுகிறேன். நீர் தங்காமல் விரைவில் உலர்ந்துவிடுவதால் அந்த ஓரிடத்தில் மட்டும் பருத்தியைவிட அது மேல். தக்காளிச் செடிகளைக் கொம்பில் கட்டவும் அதன் கரைகள் உதவுகின்றன.

மெத்தையிலும் இதே கதைதான். போடிப் பக்கத்திலிருந்து வரும் இலவம்பஞ்சை அடைத்த மெத்தை நாளடைவில் கட்டிகட்டியாகத் திரண்டு, நடுவில் பள்ளம் விழும். இலவம்பஞ்சின் இழை குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் அதை நூலாக நூற்பது கடினம், ஆனால் பிரித்து வெயிலில் காயவைத்து அடித்தால் மீண்டும் உப்பிக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. உறையைப் பிரித்து, தூசியைத் தட்டி, குறைந்த அளவுக்குப் புதுப் பஞ்சு சேர்த்து, புது உறையில் அடைத்துத் தைத்தால் பழைய மெத்தை புது மெத்தையாகிவிடுகிறது. ரப்பர் நுரை மெத்தை அமுங்கிப்போனால் அதைப் பிரிக்கவும் முடியாது, அடிக்கவும் முடியாது.

இன்று இணையத்தில் பழைய பொருள்களைப் புதுமையாகப் பயன்படுத்தும் வழிகள் என்று வருபவற்றில் பாதியை நான் மறுபயன்பாட்டில் சேர்ப்பதில்லை. காலிப் பாட்டிலுக்கு அக்ரிலிக் வண்ணமும் வார்னிஷும் சணல் கயிறும் மணிகளும் புதிதாக வாங்கி ஒட்டி, அலமாரியில் தூசி படிய நிறுத்திவைப்பது, ஒரு வேண்டாத பொருளை நான்கு வேண்டாத பொருள்களாக்குவது. எங்கள் அம்மாவின் அடுக்களையில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் எந்த அலங்காரமும் இல்லாமல் மிளகும் கடுகும் வெந்தயமும் தாங்கி நின்றன. அவை உடைந்தபோது உண்மையாகவே அவற்றைத் தேடினோம். 15 கிலோ எண்ணெய் டின்னின் மேல்தகட்டை வெட்டி, கீல் வைத்த மூடி போட்டுத் தரத் தகர வேலைக்காரர் இருந்தார், தீபாவளி முறுக்கு அதில்தான். அதற்காக எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பெயின்ட் வாளியில் குடிநீர் பிடிப்பதும், பூச்சிமருந்து கேனைக் கழுவி வீட்டில் புழங்குவதும் சிக்கனம் ஆகாது. என்றைக்காவது உதவும் என்று பரணில் ஏற்றிவைத்து ஐந்து ஆண்டு இறக்காத சாமானைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவதே மேல். பழைய இரும்புக் கடைக்குப் போனால் அது உருகி இன்னொன்றாவது ஆகும்.

இயந்திரங்களில் உள்ளே இடம் விட்டுச் செய்யப்பட்டதற்கு நல்ல எடுத்துக்காட்டு மிக்சி. மோட்டாரின் தலையில் பல் வைத்த ரப்பர் கப்ளர் ஒன்று இருக்கும். ஜாரின் பிளேடு ஏதாவது கடினமான பொருளில் சிக்கினால், மோட்டார் எரிவதற்கு முன் தன் பல்லைக் கொடுத்து அதைக் காப்பாற்றுவது அந்த ரப்பர். அதை மாற்ற நூறு ரூபாய்கூட ஆவதில்லை. ஜாரின் அடியில் நீர் கசிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். கசிந்த நீர் மோட்டாருக்குள் இறங்கும்வரை விட்டுவைப்பவர்கள்தாம் பிறகு காயில் கட்டச் செலவழிக்கிறார்கள். ஓடும்போது உள்ளே நெருப்புப்பொறி அதிகமாகத் தெரிந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கக்கூடும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், அரிசி அரைக்கும்போது திடீரென்று நின்றுபோன மிக்சியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரப் பையன் அதைக் கவிழ்த்து, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை விரலால் அழுத்திவிட்டு, "அக்கா, இதுக்குக் காசு வேணாம், இனி நீங்களே அழுத்திக்கங்க" என்றான். பாரம் அதிகமானால் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும் அமைப்பு அது. சற்று ஆறவிட்டு அழுத்தினால் மறுபடியும் ஓடும். அந்தப் பையனைப் போன்றவர்கள் இருக்கும்வரை எங்கள் தெருவில் மிக்சிகளுக்கு ஆயுள் கெட்டி.

கைப்பேசிகளில் இந்தத் தாராளம் கிடையாது. பின்மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரியை மாற்றிய காலம் போய், பசை வைத்து ஒட்டிய பேட்டரியைச் சூடுகாட்டிப் பிரிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கி, விவசாயக் கருவிகள், கைப்பேசி முதலான மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளையும் அதில் சேர்த்தது. கையேடும் உதிரிபாகமும் எங்கே கிடைக்கும் என்று நிறுவனங்களைச் சொல்லவைப்பது நல்ல தொடக்கம். பசையை விட்டுத் திருகாணிக்குத் திரும்பச் சொல்ல அது போதாது.

பழையதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது எப்போதும் சரியா என்று கேட்டால், மின்விசிறி விஷயத்தில் நான் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்வேன். பழைய கூரை விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கினால் பெரும்பாலும் காரணம் கெபாசிட்டர், 2.5 மைக்ரோஃபாரட் என்று மேலே அச்சிட்ட அந்தச் சிறு பெட்டியை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரைக் கொண்டு மாற்றினால் விசிறி பழைய வேகத்துக்கு வந்துவிடும். அந்த விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். இப்போது வரும், பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் வைத்த விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 யூனிட் வித்தியாசம். ஆனால் பிஎல்டிசியில் கோளாறு வந்தால் கெபாசிட்டரை மட்டும் மாற்றி ஒப்பேற்ற முடியாது. பெரும்பாலும் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும், அந்த மாடலுக்குப் போர்டு கிடைக்காவிட்டால் விசிறியே வீண். இரண்டையும் எடை போட்டு, இரவும் பகலும் ஓடும் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் புது விசிறி வாங்கினோம், வாங்கும்போதே போர்டு தனியாக விற்கிறார்களா என்று கேட்டுக்கொண்டோம். கழற்றிய பழைய விசிறிகளில் ஒன்று இப்போது மாடிக் கொட்டகையில், வற்றல் காயும் நாளிலும் விருந்தாளி வரும் நாளிலும் மட்டும் ஓடுகிறது. அந்த அளவு ஓட்டத்துக்கு 75 வாட் ஒரு பொருட்டில்லை. அதற்கு வேண்டிய கெபாசிட்டரோ எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கிறது.